மிஸ்டு கால் முதல் சாட்சியம் வரை: கடலூர் – சிதம்பரம் மண்ணில் செல்போனின் சாதி வரலாறு

செல்போனின் வரலாற்றைக் கம்பெனிகள் ஒரு மாதிரி சொல்கின்றன. முதலில் பேசும் வசதி வந்தது, பிறகு குறுஞ்செய்தி, பிறகு கேமரா, பிறகு இணையம், வாட்ஸ்அப், பணம் அனுப்பும் ஆப். எந்த ஆண்டு எந்த மாடலில் எது வந்தது என்று பட்டியல் போட்டால் அவர்கள் வரலாறு முடிந்துவிடும். அந்த வசதியை யார் எதற்காகக் கையில் எடுத்தார்கள், அது யாருடைய கதவைத் திறந்தது, யாருடைய கழுத்தில் கயிறானது என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்காது.

அதை நாம்தான் எழுத வேண்டும். கடலூரில் இருந்து சிதம்பரம் வரை நீளும் இந்த மண்ணில், சேரிக்குள் செல்போன் வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. இந்த இருபது ஆண்டுகளில் ஒவ்வொரு வசதியையும் நம் மக்கள் தங்கள் தேவைக்கு வளைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் சாதியும் பின்னாலேயே வந்து அதே வசதியைக் கற்றுக்கொண்டது. அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இன்று கையில் ஸ்மார்ட்போனோடு களத்துக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது பயன் இருக்கும்.

பி.பி. நம்பர் காலம்

இன்று கல்லூரியில் படிப்பவர்களுக்கு 'பி.பி. நம்பர்' என்றால் தெரியாது. வீட்டில் போன் இல்லாதவர்கள் பக்கத்தில் யார் வீட்டில் போன் இருக்கிறதோ அந்த எண்ணைக் கொடுத்து, அருகில் 'பி.பி.' என்று எழுதுவார்கள். வேலைக்கான விண்ணப்பத்திலும் கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான் இருக்கும்.

அந்தப் போன் யார் வீட்டில் இருந்தது? பெரும்பாலும் ஊர்த்தெருவில், நிலம் வைத்திருந்தவர் வீட்டில், அல்லது மெயின் ரோட்டில் இருந்த எஸ்.டி.டி. பூத்தில். காலனியில் இருப்பவருக்கு அழைப்பு வந்தால் அங்கிருந்து ஒரு பையனை அனுப்பிக் கூப்பிடுவார்கள். போய் வாசலில் நின்று, ரிசீவரை வெளியே நீட்டினால் வாங்கிப் பேச வேண்டும். சில வீடுகளில் அதுவும் கிடையாது. "அப்புறம் கூப்பிடச் சொல்லிட்டேன்" என்பதோடு முடிந்துவிடும்.

இதில் அவமானம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அதைவிட முக்கியமானது: நம் வீட்டுச் செய்தி நமக்கு வருவதற்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். யாருக்கு வேலை கிடைத்தது, யார் வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்பினார், யார் போலீசில் புகார் கொடுத்தார், யார் யாரைக் காதலிக்கிறார் எல்லாமே. டீக்கடையில் தனிக் குவளை இருந்ததைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். செய்தி வரும் பாதையும் சாதியின் கையில் இருந்தது என்பதை அவ்வளவாக எழுதவில்லை.

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவில் இருந்து டெல்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு அது. அப்போது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம், வருகிற அழைப்புக்கும் காசு. நடவுக்குப் போகும் பெண்ணின் ஒரு நாள் கூலி இரண்டு நிமிடப் பேச்சில் கரைந்துவிடும். அந்தப் போன் நமக்கானதாக இருக்கவில்லை.

நமக்கான போன் 2003க்குப் பிறகுதான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு பி.எஸ்.என்.எல். செல்போன் சேவையைத் தொடங்கியிருந்தது. 2003 மே மாதம் முதல் வருகிற அழைப்புகளுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. வாங்கி வைத்திருந்தால் போதும், நம்மைக் கூப்பிடுபவர் காசு கட்டிக்கொள்வார். பி.பி. நம்பர் சாகத் தொடங்கியது அன்றுதான்.

ஒரு ரிங், இரண்டு ரிங்

கூப்பிடக் காசு இல்லாதவர்கள் கண்டுபிடித்ததுதான் மிஸ்டு கால். எந்தக் கம்பெனியும் இதை ஒரு வசதியாகத் தயாரிக்கவில்லை. ஒரு ரிங் விட்டால் 'ஊர் வந்து சேர்ந்துவிட்டேன்', இரண்டு ரிங் விட்டால் 'திருப்பிக் கூப்பிடு'. திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போனவர்கள், செங்கல் சூளையில் குடும்பத்தோடு தங்கியவர்கள் எல்லோருக்கும் அதுதான் செலவில்லாத தந்தி. இயக்கத்துக்கும் அது உதவியது. ஒரு காலனியில் பிரச்சினை என்றால் பத்து ரூபாய் ரீசார்ஜ் வைத்திருக்கும் ஒருவர் போதும். அவர் பத்துப் பேருக்கு மிஸ்டு கால் விட்டால், தாலுகா அலுவலகம் முன்னால் கூட்டம் சேர்ந்துவிடும்.

அதே 2003இல் வந்த நோக்கியா 1100ஐ நினைத்துப் பாருங்கள். அதன் தலையில் ஒரு டார்ச் இருந்தது. தெருவிளக்கு ஊரோடு நின்றுவிட்ட காலனிகளில், இரவில் வயல் வரப்பில் நடந்து வருபவர்களுக்கும் வெளியே ஒதுங்கப் போகும் பெண்களுக்கும் போனின் முதல் பயன் அந்த டார்ச்தான். பேசுவது அதற்கு அடுத்தது.

போனைச் செய்ததும் நம் பிள்ளைகள்தான். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபோது, கிராமங்களில் இருந்து கம்பெனி பஸ்ஸில் போன ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். 2014 நவம்பர் 1 அன்று அது மூடப்பட்டது. உலகத்துக்கே போன் பூட்டி அனுப்பிய கைகள் வேறு வேலை தேடிப் போயின.

குறுஞ்செய்தி எழுத்துத் தெரிந்தவர்களின் வசதியாகவே இருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும், வந்ததைப் படிக்கப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வேண்டும். இந்தச் சுவரை உடைத்தது 2013இல் வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு. பள்ளிக்கூடத்துக்குள் விடப்படாத தலைமுறையைச் சேர்ந்த பாட்டி, பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மூணு மாசமா கூலி போடல, யாருகிட்ட கேக்குறது?" என்று பேசி அனுப்பினார். மனு எழுத ஆள் தேடிய மக்கள் தங்கள் வாயாலேயே மனு கொடுக்கத் தொடங்கினார்கள். இருபது ஆண்டு வரலாற்றில் இதைப் பெரிய மாற்றம் என்று நாம் கருதுகிறோம்.

ரிங்டோனுக்கும் சாதி

இடையில் மெமரி கார்டு காலம் ஒன்று இருந்தது. செல்போன் கடையில் இருபதோ முப்பதோ கொடுத்தால் கார்டு நிறையப் பாட்டு ஏற்றித் தருவார்கள். பெரிய ஸ்பீக்கர் வைத்த கொரியன் செட்டுகள் சேரிக்குள் வந்தன. கானா, பறையிசை, அம்பேத்கர் பாடல்கள், தலைவர்களின் மேடைப் பேச்சு எல்லாம் ப்ளூடூத்தில் கைமாறின. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இடம் கிடைக்காத குரல், யாரிடமும் அனுமதி கேட்காமல் பஸ் ஸ்டாண்டில் ஒலித்தது.

ஒலித்ததுதான் சிலருக்குப் பொறுக்கவில்லை. மகாராஷ்டிராவின் ஷிர்டியில் 2015 மே 16 அன்று, நர்சிங் படித்துக்கொண்டிருந்த தலித் இளைஞர் சாகர் ஷேஜ்வால் கொல்லப்பட்டார். அவருடைய போனில் அம்பேத்கர் பாடல் ரிங்டோனாக இருந்தது என்பதில்தான் தகராறு தொடங்கியது. போனின் மிகச் சின்ன வசதி அது. அதற்கு ஓர் உயிர் போனது. நம் போன் எங்கே ஒலிக்கலாம், எவ்வளவு சத்தமாக ஒலிக்கலாம் என்பதையும் சாதி முடிவு செய்யப் பார்க்கிறது.

பெண்களின் கையில் இருக்கும் போன் மீது இதைவிடக் கடுமையான கண். காதலுக்குப் போன்தான் காரணம் என்று மேடைகளில் பேசினார்கள். வட மாநிலங்களில் சில சாதிப் பஞ்சாயத்துகள் பெண்கள் செல்போன் வைத்திருக்கவே கூடாது என்று தீர்மானம் போட்டன. நம் பக்கத்தில் தீர்மானம் போடாமலேயே பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

கேமரா வந்த பிறகு

ஆதாரம் திரட்டுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. காட்டுமன்னார்கோயில் பகுதியில் இருந்து நாடாளுமன்றம் சென்ற எல். இளையபெருமாள் தலைமையில் 1965இல் அமைக்கப்பட்ட குழு நாடு முழுக்கச் சுற்றித் தீண்டாமைக் கொடுமைகளைப் பதிவு செய்தது. 1969இல் அறிக்கை வெளிவந்தது. அவர்களிடம் இருந்தவை காதும் காகிதமும்தான். 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணிக் கரையில் 17 பேர் உயிரிழந்தபோது காட்சிகள் பதிவாயின. ஆனால் கேமரா தொழில்முறை ஒளிப்பதிவாளர்களின் தோளில் இருந்தது.

நம் மாவட்டத்தின் மிகக் கொடூரமான வழக்கை எடுத்துக்கொள்வோம். விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலை 8 அன்று, தலித் பொறியியல் பட்டதாரி முருகேசனும் அவரை மணந்த வன்னியர் பெண் கண்ணகியும் பலர் பார்க்க விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டார்கள். ஊரே சாட்சி. ஆனால் ஒரு படம் கிடையாது, ஒரு நொடி வீடியோ கிடையாது. செல்போன் அப்போது கிராமத்தில் அரிய பொருள், கேமரா போன் அதைவிட அரிது. உள்ளூர் போலீஸ் உண்மையை மறைத்து வழக்கைத் திரித்தது. பிறகு வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். வழக்கறிஞர் பொ. இரத்தினமும் முருகேசன் குடும்பமும் விடாமல் நின்றதால், 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் இரண்டு போலீஸ் அதிகாரிகள் உட்பட 13 பேருக்குத் தண்டனை வழங்கியது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. மனிதச் சாட்சியை மட்டும் நம்பி நடந்த வழக்குக்கு 22 ஆண்டுகள்.

இதன் பக்கத்தில் கோகுல்ராஜ் வழக்கை வைத்துப் பாருங்கள். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் இருந்து அவரைக் கூட்டிப் போனார்கள். மறுநாள் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. கோயிலின் சிசிடிவி காட்சி இருந்தது. அவரோடு இருந்த முக்கியச் சாட்சியே நீதிமன்றத்தில் பிறழ்ந்தபோதும், அரசுத் தரப்பு வழக்கறிஞர் ப.பா. மோகன் அந்தக் காட்சியையும் பிற சான்றுகளையும் கோத்து வழக்கை நிறுத்தினார். 2022 மார்ச்சில் 10 பேருக்கு ஆயுள் தண்டனை. 2023 ஜூனில் உயர் நீதிமன்றமும் அவர்களில் எட்டுப் பேருக்கு அதை உறுதி செய்தது. கேமராவை மிரட்டிப் பிறழ்சாட்சி ஆக்க முடியாது. நம் போராட்ட வரலாற்றில் இது புது விஷயம்.

சிதம்பரம் பக்கத்திலேயே இன்னும் இரண்டு சம்பவங்கள் உண்டு. புவனகிரி ஒன்றியத்தில் தெற்குத்திட்டை ஊராட்சி. தனித்தொகுதியில் வென்று தலைவரான ராஜேஸ்வரி, 2020 ஜூலை 17 அன்று நடந்த கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். மற்றவர்கள் நாற்காலியில். அந்தப் படம் அக்டோபரில்தான் வெளியே வந்தது. வந்ததும் துணைத் தலைவர் மீதும் ஊராட்சிச் செயலாளர் மீதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு, செயலாளர் பணியிடை நீக்கம். தரையில் உட்கார வைத்ததும் கொடியேற்ற விடாததும் அந்தப் படத்துக்கு முன்பே நடந்துகொண்டிருந்தவை. மூன்று மாதம் யாரோ ஒருவர் போனுக்குள் அந்தப் படம் தூங்கியது. அதை ஒரு வன்கொடுமை என்று பார்க்கத் தெரிந்த கண் கிடைத்த பிறகுதான் அது ஆதாரமானது. கேமரா மட்டும் போதாது, அரசியல் பார்வையும் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

அடுத்தது 2022 பிப்ரவரி. சிதம்பரம் நடராசர் கோயிலில் கனகசபை மீது ஏறி வழிபடப் போன தலித் பெண்ணைத் தீட்சிதர்கள் சூழ்ந்து தடுத்த வீடியோ பரவியது. 20 தீட்சிதர்கள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அதே ஆண்டு மே மாதம், கனகசபையில் இருந்து பக்தர்கள் வழிபடலாம் என்று அரசாணை வந்தது. நந்தனை நெருப்புக்குள் அனுப்பிய கதை சொல்லப்படும் அதே கோயிலில், வாசலில் மறிக்கப்பட்ட ஒரு பெண் இந்த முறை ஆதாரத்தோடு திரும்பினார்.

அதே போன் அவர்கள் கையிலும்

இதோடு நிறுத்தினால் இது வெற்றிக் கதை ஆகிவிடும். வரலாறு அப்படி இல்லை.

கோகுல்ராஜைக் கொன்றவர்களும் போனைப் பயன்படுத்தினார்கள். தற்கொலை என்று நம்ப வைக்க அவரையே பேச வைத்து வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். முதல் குற்றவாளி தலைமறைவாக இருந்த மாதங்களில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளாக வெளியிட்டு, சாதிக்காரர்கள் நடுவில் நாயகனாக வலம் வந்தார். பாட்டிக்குக் கூலி கேட்கும் வாயைக் கொடுத்த அதே குரல் பதிவு, கொலைகாரருக்கு மேடையும் கொடுத்தது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிவானதும் இது பெருகியது. ஆண்ட பரம்பரை ஸ்டேட்டஸ்கள், அரிவாள் காட்டும் வீடியோக்கள், சாதிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் பிள்ளை பிடிப்பவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி 65 வயதுப் பெண் ஒருவரைக் கூட்டமாக அடித்துக் கொன்றார்கள். நாடெங்கும் இப்படி நடந்த பிறகுதான், ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் பார்வர்டு செய்ய முடியாது என்று இந்தியாவில் வரம்பு வந்தது. 2019 ஏப்ரல் தேர்தல் நேரத்தில் பொன்னமராவதியில் ஒரு சமூகத்துப் பெண்களை இழிவுபடுத்திய குரல் பதிவு ஊரைக் கலவரத்தில் தள்ளியது. அதே ஏப்ரல் 18 வாக்குப்பதிவு நாளில், நம் சிதம்பரம் தொகுதிக்குள் வரும் பொன்பரப்பியில் தலித் வீடுகள் தாக்கப்பட்டன. தாக்குதலின் வீடியோக்கள் எல்லார் போனிலும் வந்தன. பார்த்தவர்கள் கோடி. ஆனால் பார்த்தது எல்லாம் வழக்கில் சான்றாக ஆகிவிடாது.

அரசும் அதே கேமராவை நம் பக்கம் திருப்பியது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல், எல்லாப் பணித்தளங்களிலும் செல்போன் ஆப் மூலம் ஒரு நாளைக்கு இரண்டு முறை தொழிலாளர்களைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்று கட்டாயம் ஆக்கினார்கள். ஏரிக்கரையில் சிக்னல் இல்லாவிட்டாலும், ஆப் வேலை செய்யாவிட்டாலும் வேலை செய்த கைகளுக்கு வருகை விழாது. அந்த வரிசையில் நிற்கும் பெண்களில் பெரும்பகுதி யார் என்று நமக்குத் தெரியும். அவர்கள் கூலி தாமதமானால் படம் எடுத்து ஏற்ற வேண்டிய ஆப் எந்த அதிகாரிக்கும் கிடையாது.

வேங்கைவயலையும் சொல்ல வேண்டும். 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் இருந்தவர்கள் அதே தலித் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர். அந்தச் செய்தியோடு செல்போன் உரையாடல்களும் படங்களும் ஊடகங்களில் சுற்றவிடப்பட்டன. மக்கள் அந்தக் குற்றப்பத்திரிகையை ஏற்கவில்லை, கட்சிகளும் இயக்கங்களும் சி.பி.ஐ. விசாரணை கேட்டன. நம் போனில் இருப்பது நமக்குச் சாட்சியாகவும் நிற்கலாம், நமக்கு எதிராகவும் வாசிக்கப்படலாம். வாசிப்பவர் யார் என்பதுதான் கேள்வி.

செம்மங்குப்பம் சொல்வது

கடலூருக்குத் தெற்கே, ஆலப்பாக்கத்துக்கு அருகில் இருக்கும் செம்மங்குப்பத்தை இரண்டு காரணங்களுக்காக இங்கே கொண்டு வருகிறோம்.

ஒன்று, சிப்காட். 1980களில் வந்த ரசாயனத் தொழிற்பேட்டையின் நாற்றத்தைச் சுவாசிக்கும் ஊர்களில் இதுவும் ஒன்று. ஸ்மார்ட்போன் இல்லாத 2004இல், இந்தப் பகுதி மக்கள் சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழுவாகச் சேர்ந்தார்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன நாற்றம் என்று குறித்து வைத்தார்கள். வாளியில் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். குறிப்பேட்டோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை நெருக்கினார்கள். அவர்களிடம் இருந்த கருவி எளியது, ஆனால் பழக்கம் வலுவானது: நாள், நேரம், இடம், விடாமல். 2025 மே மாதம் குடிகாடு சாயத் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து வீடுகளுக்குள் பாய்ந்தபோது, அந்தக் காட்சி அன்றைக்கே தமிழ்நாடு முழுக்கப் போய்விட்டது. கருவி எவ்வளவோ வளர்ந்துவிட்டது. அந்தக் குறிப்பேட்டுப் பழக்கமும் கூடவே வளர வேண்டும்.

இரண்டாவது, அந்த ரயில்வே கேட். 2025 ஜூலை 8 காலை, செம்மங்குப்பத்தில் தண்டவாளத்தைக் கடந்த பள்ளி வேன் மீது விழுப்புரம் – மயிலாடுதுறை பாசஞ்சர் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது சிக்னலோடு பிணைக்கப்படாத கேட். பிணைக்கப்பட்ட கேட்டில், கதவு மூடிப் பூட்டாமல் ரயிலுக்குச் சிக்னல் விழாது. பிணைக்கப்படாத கேட்டில் எல்லாம் போனில் நடக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்து ரயில் வருவதைச் சொல்வார். கேட் கீப்பர் கேட்டை மூடிவிட்டு, அதற்கு அடையாளமாக ஒரு ரகசிய எண்ணைத் திருப்பிச் சொல்வார். அன்று எண் சொல்லப்பட்டது, கேட் மூடப்படவில்லை என்றது ரயில்வே. விபத்துக்கு அடுத்த நாள் ரயில்வே அமைச்சகம் உத்தரவு போட்டது: எல்லா கேட்டிலும் கேமரா, கேட்டுகளின் குரல் பதிவுகளை உயர் அதிகாரிகள் தினமும் சோதிக்க வேண்டும், இன்னும் அதிகமான கேட்டுகளைச் சிக்னலோடு பிணைக்க வேண்டும்.

போனில் சொன்ன சொல் எதையும் பூட்டாது. அதை ஒரு இரும்புக் கம்பியோடு பிணைத்தால்தான் உயிர் தப்பும். நம் வீடியோக்களுக்கும் இதுவே பொருந்தும். பத்து லட்சம் பேர் பார்த்த வீடியோ, புகாரோடும் முதல் தகவல் அறிக்கையோடும் சான்றிதழோடும் பிணைக்கப்படவில்லை என்றால் அது திறந்து கிடக்கும் கேட்தான். குற்றவாளி அதன் வழியாக நடந்து போய்விடுவார்.

பிணைப்பது எப்படி?

மாணவத் தோழர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்.

1. எடுத்த படத்தையோ வீடியோவையோ அப்படியே வைத்திருங்கள். வெட்டாதீர்கள், பாட்டுச் சேர்க்காதீர்கள், எழுத்துப் போடாதீர்கள். பரப்ப வேண்டும் என்றால் நகல் எடுத்துப் பரப்புங்கள். எடுத்த போனும் அசல் கோப்பும் கைமாறக் கூடாது.

2. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், எடுத்த நேரம், இடம் பற்றிய உள்விவரங்கள் போய்விடும். வழக்கறிஞருக்கு அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள், பென்டிரைவிலும் வையுங்கள்.

3. சிப்காட் மக்கள் செய்ததுபோல அன்றே எழுதி வையுங்கள்: நாள், நேரம், இடம், யார் எடுத்தது, யாருடைய போன், என்ன மாடல், அங்கே யார் இருந்தார்கள்.

4. மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் தெளிவாக்கியது. அசல் கருவியையே அதன் உரிமையாளர் நீதிமன்றத்தில் காட்டினால் மட்டும் அது தேவையில்லை. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவாக இருக்கிறது. சான்றிதழ் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும், நிபுணர் பகுதியும் உண்டு. முதல் நாளே வழக்கறிஞரைக் கேளுங்கள்.

5. போலீஸ் உங்கள் போனைக் கைப்பற்றினால் எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். அதற்கு முன்பே நகல் ஒன்று பத்திரமாக இருக்கட்டும்.

6. பாதிக்கப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் எதையும் வெளியிடாதீர்கள். பாலியல் வன்கொடுமை என்றால் அவரை அடையாளம் காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது தவறுதான். அவமானப்பட்டவரை மறுபடியும் ஊர் முழுக்க அவமானப்படுத்த நமக்கு உரிமை இல்லை.

7. கேமராவை அதிகாரத்தின் பக்கமும் திருப்புங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ(10) பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழ் நடக்கும் நடவடிக்கைகள் அனைத்தும் வீடியோ பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு வழக்கிலும் எழுத்தில் கேளுங்கள். புகாரை வாங்க மறுக்கும், வேண்டுமென்றே கடமை தவறும் அதிகாரி மீது அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு பாயும் என்பதையும் நினைவூட்டுங்கள்.

இனி வரும் காலம் இன்னும் சிக்கலானது. யார் முகத்தையும் யார் குரலையும் செயற்கையாக உருவாக்க முடிகிற நிலை வந்துவிட்டது. நாளை நாம் காட்டும் உண்மையான வீடியோவையும் "இது போலி" என்று ஒரே வார்த்தையில் தள்ளுவார்கள். அன்றைக்கு அசல் கோப்பும், அன்றே எழுதிய குறிப்பும், நேரில் நின்று சொல்லும் மனிதரும் சேர்ந்துதான் உண்மையைக் காப்பாற்றும்.

ஊர்த்தெரு வாசலில் நின்று ரிசீவருக்குக் கை நீட்டிய தலைமுறை, தன் பிள்ளைகளின் கையில் போன் இருப்பதைப் பார்த்துவிட்டது. தெற்குத்திட்டையில் தரையில் இருந்தவரின் படமும், கனகசபை முன் மறிக்கப்பட்டவரின் வீடியோவும் அந்தக் கைகளின் வழியாகத்தான் உலகத்துக்கு வந்தன. எடுத்த கையே அதை நீதிமன்றப் படி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். உங்கள் கல்லூரியில், உங்கள் காலனியில் இதைக் கற்றுக்கொண்ட ஐந்து பேர் இருந்தால் போதும். இந்த வாரம் ஒரு மாலை உட்கார்ந்து, மேலே உள்ள ஏழையும் உங்கள் பகுதி வழக்கறிஞர் ஒருவரோடு பேசிப் பாருங்கள்.

ஜெய் பீம்.